கதவும் கணினியும் ஒரே கணக்கில்: சிறு நிறுவனங்களுக்கான பாதுகாப்பு வழிகாட்டி

பல சிறு நிறுவனங்களில் கதவு, சாவி, காவலாளி, கேமரா எல்லாம் நிர்வாகம் பார்ப்பவரின் பொறுப்பு. ரவுட்டர், மின்னஞ்சல், பாஸ்வேர்டு, பேக்கப் எல்லாம் ஐடி பார்ப்பவரின் பொறுப்பு. கேமராப் பதிவுகளைச் சேமிக்கும் என்விஆர் பெட்டியின் பாஸ்வேர்டை மாற்றுவது யார் வேலை என்று கேட்டுப் பாருங்கள். இருவரும் ஒருவரையொருவர் கைகாட்டுவார்கள். உள்ளே நுழைய நினைப்பவருக்கு அந்த இடைவெளி போதும்.

அட்டையைக் காட்டினால் திறக்கும் பூட்டு, சிசிடிவி கேமரா, அலாரம், விரல்ரேகை வருகைப்பதிவுக் கருவி எல்லாமே இன்று நெட்வொர்க்கில் இணைந்த குட்டிக் கணினிகள். ஆனால் அவற்றை யாரும் கணினியாக நினைத்துப் பராமரிப்பதில்லை. மறுபக்கம், வெளியிலிருந்து வருவதை வடிகட்டும் ஃபயர்வால் பெட்டியை எத்தனை நல்லதாக வாங்கினாலும் அது வரவேற்பறை அலமாரியில் பூட்டில்லாமல் கிடந்தால், பின்பக்க ரீசெட் பொத்தானைப் பத்து விநாடி அழுத்துகிறவர்தான் அதற்கு அட்மின்.

2013-இல் அமெரிக்காவின் டார்கெட் கடைகளிலிருந்து சுமார் 4 கோடி வங்கி அட்டைகளின் விவரங்கள் திருடுபோயின. திருடர்கள் முதலில் கைப்பற்றியது, குளிர்சாதன வேலை பார்த்த ஓர் ஒப்பந்த நிறுவனத்துக்குக் கொடுத்திருந்த லாகினை. 2016-இல் மிராய் என்ற தீநிரல் லட்சக்கணக்கான கேமராக்களையும் அவற்றின் பதிவுப் பெட்டிகளான டிவிஆர்களையும் ரவுட்டர்களையும் வளைத்துப் பிடித்தது. அப்படிப் பிடித்த கருவிகளைக் கொண்டே, தளங்களின் பெயரை இணைய முகவரி எண்ணாக மாற்றித் தரும் டின் என்ற நிறுவனத்தின் சேவையைத் தாக்கியதில், ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் உள்ளிட்ட பல தளங்கள் மணிக்கணக்கில் தடுமாறின. மிராயின் கையில் இருந்தவை, தொழிற்சாலையிலிருந்தே வரும் பயனர்பெயர்-பாஸ்வேர்டு ஜோடிகள், 60-க்குச் சற்று மேல். அவ்வளவுதான்.

கீழே இருப்பவை பத்து முதல் ஐம்பது பேர் வேலை செய்யும், ஒரே கட்டடத்தில் இயங்கும் நிறுவனத்தை மனத்தில் வைத்து எழுதியவை. இதைவிடப் பெரிய இடமென்றால் அளவுகள் மாறும், வரிசை மாறாது.

முதலில் ஒரு நடை

எதையும் வாங்குவதற்கு முன்பு, நிர்வாகம் பார்ப்பவரும் ஐடி பார்ப்பவரும் சேர்ந்து வாசல் கேட்டிலிருந்து சர்வர் இருக்கும் மூலைவரை நடக்க வேண்டும். தனித்தனியாக நடந்தால் பயனில்லை. ஒருவர் கண்ணுக்குப் படுவது மற்றவர் கண்ணுக்குப் படாது. கையில் ஒரு நோட்டு, ஃபோனில் கேமரா. இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள்.

மின்சாரமோ நெட்வொர்க் கேபிளோ செல்லும் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு வரி எழுதுங்கள். எங்கே இருக்கிறது, என்ன மாடல், நெட்வொர்க்கில் இருக்கிறதா, ஐபி முகவரி (நெட்வொர்க்கில் அதன் எண்) என்ன, ஃபர்ம்வேர் (கருவிக்குள்ளேயே ஓடும் மென்பொருள்) எந்தப் பதிப்பு, பாஸ்வேர்டு மாற்றப்பட்டதா, கரண்ட் போனால் என்ன ஆகும், பழுதானால் யாரைக் கூப்பிடுவோம். கடைசிக் கட்டத்தில் பொறுப்பாளர் ஒருவரின் பெயர். "ஐடி" என்றோ "அட்மின்" என்றோ எழுதக் கூடாது. ஆளின் பெயர்தான் வேண்டும்.

நடக்கும்போது குறிப்பாகப் பார்க்க வேண்டியவை: வரவேற்பறையிலும் மீட்டிங் அறையிலும் சும்மா கிடக்கும் லேன் சாக்கெட்டுகள், சன்னல் வழியாக வெளியிலிருந்து தெரியும் திரைகள், மானிட்டரில் ஒட்டிய பாஸ்வேர்டுச் சீட்டு, இழுப்பறையில் பெயரெழுதிய சாவிக்கொத்து, பிரிண்டரில் எடுக்காமல் விட்ட தாள்கள், பொய்க்கூரைக்கு மேலே இரண்டு அறைகளுக்கும் இடையில் சுவர் உண்மையிலேயே கூரைவரை போகிறதா என்பது. கடைசியாகச் சொன்னதைப் பெரும்பாலோர் பார்ப்பதே இல்லை. சர்வர் அறைக்கு எஃகுக் கதவு போட்டிருப்பார்கள். பக்கத்து அறையில் நாற்காலி போட்டு ஏறி, பொய்க்கூரைப் பலகையைத் தூக்கினால் நேராக உள்ளே இறங்கிவிடலாம்.

நடை முடிந்ததும் ரவுட்டரின் அட்மின் பக்கத்தைத் திறந்து, இணைந்திருக்கும் கருவிகளின் பட்டியலை எடுங்கள். நோட்டோடு ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். ரவுட்டரில் இருந்து நோட்டில் இல்லாத கருவி என்றால், நீங்கள் பார்க்காத ஏதோ ஒன்று உங்கள் நெட்வொர்க்கில் இருக்கிறது. பெரும்பாலும் அது யாரோ சொந்தமாகக் கொண்டுவந்து செருகிய வைஃபை பெட்டியாகவோ பழைய பிரிண்டராகவோ இருக்கும். எதுவென்று கண்டுபிடிக்கும்வரை விடாதீர்கள். நோட்டில் இருந்து ரவுட்டரில் இல்லாதது என்றால், அது அணைந்து கிடக்கிறது, அல்லது நீங்கள் அறியாத வேறொரு இணைப்பில் ஓடுகிறது. சிம் கார்டு போட்ட அலாரப் பெட்டிகள் இந்த இரண்டாவது வகை.

இந்த ஒரு பட்டியல்தான் மீதி எல்லா வேலைக்கும் அடிப்படை. கதவுகளுக்கு ஒன்று, கணினிகளுக்கு ஒன்று என்று இரண்டு பட்டியல் வைத்தால் பழைய கதைதான்.

கதவு: அட்டை, கம்பி, பூட்டு

அட்டைப் பூட்டில் மூன்று இடங்களில் ஓட்டை விழும்.

முதலாவது அட்டை. 125 கிலோஹெர்ட்ஸில் இயங்கும் பழைய வகை அட்டைகள், ரீடர் அருகில் போனதும் தங்கள் எண்ணை அப்படியே சொல்லிவிடும். கையடக்கக் கருவி ஒன்றால் சில விநாடிகளில் நகலெடுக்கலாம். 13.56 மெகாஹெர்ட்ஸ் வகையில் மைஃபேர் கிளாசிக் அட்டையின் பூட்டு முறையும் 2008-லேயே ஆய்வாளர்களால் உடைக்கப்பட்டுவிட்டது. ஆனாலும் இன்றுவரை விற்பனையாகிறது. புதிதாகப் போடுவதென்றால் மைஃபேர் டெஸ்ஃபயர் இவி2 அல்லது இவி3 கேளுங்கள். கேட்டு வாங்கினாலும் ஒரு சிக்கல் உண்டு. பொருத்துபவர் வேலை சுலபமாக முடியட்டும் என்று, அட்டையின் சங்கேதப் பகுதியைப் படிக்காமல் வெளியில் தெரியும் வரிசை எண்ணை மட்டும் படிக்கும்படி ரீடரை அமைத்துவிட்டுப் போவார். அப்படிச் செய்தால் நல்ல அட்டைக்குக் கொடுத்த காசு வீண். "அட்டையின் வரிசை எண்ணைப் படிக்கிறதா, உள்ளே சாவியிட்டுப் பூட்டிய தரவைப் படிக்கிறதா?" என்று எழுத்தில் பதில் வாங்குங்கள்.

இரண்டாவது கம்பி. ரீடரையும், அட்டை எண்ணைச் சரிபார்த்துப் பூட்டைத் திறக்கும் கண்ட்ரோலரையும் இணைக்கும் வீகண்ட் முறை பல பத்தாண்டுப் பழையது. வழக்கமான 26 பிட் அமைப்பில் 8 பிட் இட எண் (எந்த இடத்து அட்டை என்பது), 16 பிட் அட்டை எண், 2 பிட் சரிபார்ப்பு. மொத்தம் 256 இட எண்கள், ஒவ்வொன்றிலும் 65,536 அட்டை எண்கள். சங்கேதம் எதுவும் இல்லை. ரீடரைக் கழற்றி, பின்னால் வரும் கம்பியில் ஒரு சின்ன சர்க்யூட்டைச் செருகினால் அன்று முழுக்க வந்துபோன எல்லோருடைய எண்ணும் கிடைத்துவிடும். மாற்று, ஆர்எஸ்-485 வகைக் கம்பி இணைப்பில் ஓடும் ஓஎஸ்டிபி என்ற முறை. அதிலும் பாதுகாப்பான சேனலை இயக்கி, ஆரம்பச் சாவியை மாற்றினால்தான் ஏஇஎஸ்-128 சங்கேதம் வேலை செய்யும். இயக்காமல் விட்டால் வீகண்டுக்கும் அதற்கும் பெரிய வித்தியாசமில்லை. ரீடரைக் கழற்றினால் அலாரம் அடிக்கும் டாம்பர் சுவிட்ச் பல மாடல்களில் ஏற்கெனவே இருக்கும். கம்பி இணைக்காமல் விட்டிருப்பார்கள்.

பாஸ்வேர்டுப் பலகையும் கண்ட்ரோலரும் ஒரே பெட்டியில் இருக்கும் மலிவு வகை பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பூட்டைத் திறக்கும் ரிலே என்ற மின் சுவிட்ச், கதவுக்கு வெளிப்பக்கம் மாட்டிய பெட்டிக்குள்ளேயே இருக்கும். நான்கு திருகாணியைக் கழற்றி இரண்டு கம்பியைத் தொடவிட்டால் கதவு திறக்கும். பாஸ்வேர்டு தேவையே இல்லை. அந்த வகையை உள்ளறைகளுக்கு மட்டும் வையுங்கள். தெருப்பக்கக் கதவுக்கு, வெளியே வெறும் ரீடர், உள்ளே பூட்டிய பெட்டியில் கண்ட்ரோலர் என்பதே முறை.

மூன்றாவது பூட்டு. காந்தப் பூட்டுக்குக் கரண்ட் இருந்தால்தான் பிடி. கரண்ட் போனால் திறந்துகொள்ளும். கதவுச் சட்டத்தில் பூட்டின் நாக்கைப் பிடித்து வைக்கும் எலெக்ட்ரிக் ஸ்ட்ரைக் வகையில், கரண்ட் போனாலும் பூட்டியே இருக்கும் மாதிரியை வாங்கலாம். எது வேண்டும் என்பதைக் கதவுக்குக் கதவு முடிவு செய்யுங்கள். ஆனால் எந்தக் கதவாக இருந்தாலும், உள்ளிருப்பவர் அட்டையோ பாஸ்வேர்டோ இல்லாமல் கையால் திறந்து வெளியேற முடிய வேண்டும். தீ விபத்தில் இதுதான் உயிர் காக்கும். இதில் சமரசம் கிடையாது, உள்ளூர்த் தீயணைப்பு விதிகளையும் பார்த்துவிட்டுத்தான் பூட்டை முடிவு செய்ய வேண்டும்.

காந்தப் பூட்டின் பேட்டரிக் கணக்கு இப்படிப் போகும். சுமார் 270 கிலோ பிடிப்புள்ள பூட்டு 12 வோல்ட்டில் ஏறக்குறைய அரை ஆம்பியர் இழுக்கும். கண்ட்ரோலரும் ரீடரும் சேர்ந்து இன்னொரு 0.3 ஆம்பியர் என்று வைத்தால் மொத்தம் 0.8. பேட்டரி 7 ஆம்பியர்-மணி என்றால் ஏட்டளவில் எட்டே முக்கால் மணி நேரம். இரண்டு வருடம் ஓடிய பேட்டரியில் அதில் பாதியை நம்புங்கள். அதாவது இரவு பத்து மணிக்குக் கரண்ட் போனால், இரண்டு மணி வாக்கில் உங்கள் முன்கதவு தானாகத் திறந்திருக்கும். கூடவே ஒரு சாதாரண இயந்திரப் பூட்டையும் போட்டு, கடைசியாகப் போகிறவர் அதையும் பூட்டிவிட்டுப் போவதுதான் இதற்கு மலிவான மருந்து. கட்டடத்தில் யாரும் இல்லாத நேரத்துக்கு மட்டும்தான் இது.

வெளியேறுவதற்கு உள்ளே அசைவு உணரி வைத்திருந்தால் அதையும் சோதியுங்கள். கதவுக்கு அடியிலோ இரட்டைக் கதவின் நடு இடுக்கிலோ ஒரு தாளை நுழைத்து ஆட்டினாலோ குளிர்ந்த வாயுவைப் பீய்ச்சினாலோ சில உணரிகள் ஆள் வந்ததாக நினைத்துத் திறந்துவிடும். உணரியின் பார்வையைக் கைப்பிடிப் பக்கம் திருப்பிக் குறுக்கி, கதவின் இடுக்கை ரப்பர் பட்டையால் அடைத்தால் பெரும்பாலும் சரியாகும்.

விரல்ரேகைக் கருவி வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. பாஸ்வேர்டு கசிந்தால் மாற்றலாம், விரலை மாற்ற முடியாது. அந்தத் தரவு கருவிக்குள்ளேயே சங்கேதமாக இருக்கட்டும். வருகைப்பதிவு மென்பொருளுக்கு ஆள் எண்ணும் நேரமும் மட்டும் போனால் போதும்.

கேமரா: முகம் தெரிகிறதா, யார் பார்க்கிறார்கள்

கேமராவை எண்ணிக்கையால் அளக்காதீர்கள். ஐஇசி 62676-4 என்ற சர்வதேச நெறியின் 2014 பதிப்பு, அறிமுகமில்லாத ஒருவரின் முகத்தை அடையாளம் காண மீட்டருக்கு 250 பிக்சல் வேண்டும் என்றது. 1920 பிக்சல் அகலமுள்ள 2 மெகாபிக்சல் கேமராவை 250-ஆல் வகுத்தால் 7.68 மீட்டர். முகம் தெரிய வேண்டிய தூரத்தில் காட்சியின் அகலம் அதற்குமேல் போனால், யாரோ வந்தார்கள் என்பது தெரியும், யார் என்பது தெரியாது. ஆக, வாசலுக்கென்றே ஒரு கேமராவைக் குறுகிய பார்வையில் வையுங்கள். உயரம் இரண்டேகால் முதல் இரண்டரை மீட்டர். அதற்குமேல் போனால் தலைமுடியும் தொப்பியும்தான் பதிவாகும். வெளிச்சமான தெருவைப் பார்த்திருக்கும் வாசல் என்றால் டபிள்யூடிஆர் (வெளிச்சத்தையும் நிழலையும் சமன் செய்யும்) வசதி கட்டாயம், இல்லாவிட்டால் உள்ளே வருபவர்கள் எல்லோரும் நிழலுருவம்தான். கண்ணாடிக்குப் பின்னால் கேமராவை வைத்தால் இரவில் அதன் அகச்சிவப்பு விளக்கு கண்ணாடியில் பட்டுத் திரும்பி, படம் வெள்ளையாகிவிடும்.

சேமிப்புக் கணக்கு சுலபம். ஒரு கேமரா விநாடிக்கு 4 மெகாபிட் அனுப்பினால் நாளுக்கு 43.2 ஜிபி. எட்டுக் கேமராவுக்கு 345.6 ஜிபி. முப்பது நாளுக்கு 10.4 டிபி. 10 டிபி டிஸ்க் போட்டால் இருபத்தெட்டாம் நாள் முடிந்ததும் பழையது அழியத் தொடங்கும். பொருட்கள் காணாமல்போனதே மாதக் கணக்கெடுப்பில்தான் தெரியவரும் என்றால், முப்பது நாள் பதிவு போதாது. உங்கள் கணக்கெடுப்பு இடைவெளியோடு இரண்டு வாரம் சேர்த்து வையுங்கள்.

கேமரா எதைப் பார்க்கக் கூடாது என்பதும் முக்கியம். கீபோர்டு, பின் எண் அழுத்தும் கருவி, சாவிப் பலகை, திட்டங்கள் எழுதிய வெள்ளைப் பலகை ஆகியவை காட்சிக்குள் வரக் கூடாது. கேமராவை யாராவது கைப்பற்றினால், காவலுக்கு வைத்ததே உளவாளி ஆகிவிடும்.

இனி என்விஆர். ஃபோனில் பார்க்க வேண்டும் என்று முதலாளி கேட்டதும், பொருத்துபவர் ரவுட்டரில் போர்ட் ஃபார்வர்டிங், அதாவது இணையத்திலிருந்து அந்தப் பெட்டிக்கு நேர் வழி, போட்டுக் கொடுத்துவிட்டுப் போவார். அன்றிலிருந்து உலகம் முழுக்க அந்தப் பெட்டியின் லாகின் பக்கத்தைத் திறந்து பார்க்கலாம். பாஸ்வேர்டு வலுவாக இருந்தாலும் போதாது: 2021-இல் ஹிக்விஷன் நிறுவனத்தின் கேமராக் கருவிகள் பலவற்றில் வெளிவந்த சிவிஇ-2021-36260 என்ற ஓட்டைக்குப் பாஸ்வேர்டே தேவைப்படவில்லை. செய்ய வேண்டியவை:

- ரவுட்டரில் எல்லா போர்ட் ஃபார்வர்டிங்கையும் நீக்குங்கள், யூபிஎன்பி வசதியை அணையுங்கள். அதை அணைக்காவிட்டால் நீங்கள் மூடிய கதவை என்விஆர் தானே திறந்துகொள்ளும்.
- வெளியிலிருந்து பார்க்க வேண்டுமென்றால் ரவுட்டரிலேயே வயர்கார்டு போன்ற விபிஎன் (சங்கேதமிட்ட தனி இணைப்பு) அமைத்து, அதன் வழியாக மட்டும் பாருங்கள்.
- அட்மின் கணக்கு ஒருவருக்கு, மற்றவர்களுக்குப் பார்க்க மட்டும் அனுமதியுள்ள தனித்தனிக் கணக்கு. பொருத்துபவர் உருவாக்கி வைத்த கணக்கை அன்றே அழியுங்கள்.
- ஃபர்ம்வேரை மூன்று மாதத்துக்கு ஒருமுறை பாருங்கள். தயாரிப்பாளர் புதுப்பிப்பதை நிறுத்திவிட்ட மாடலை மாற்றத் திட்டமிடுங்கள்.

என்விஆர் பெட்டியை வரவேற்பறை மேசைக்கடியில் வைப்பது சகஜமாகிவிட்டது. திருட வருகிறவர் போகும்போது அதையும் தூக்கிக்கொண்டு போவார். பூட்டிய அறையில் வையுங்கள். வாசல் கேமராவின் அசைவுப் பதிவுகள் மட்டுமாவது வேறொரு இடத்துக்கும் நகலாகப் போகட்டும்.

வெளிச்சுவரில் மாட்டிய கேமராவுக்குப் பின்னால் ஒரு லேன் கேபிள் வருகிறது. ஏணி வைத்து ஏறி, கேமராவைக் கழற்றி, அந்தக் கேபிளை லேப்டாப்பில் செருகினால் என்ன கிடைக்கும்? உங்கள் கணக்கு மென்பொருள் ஓடும் அதே நெட்வொர்க் கிடைத்தால், நீங்கள் தெருவில் ஒரு லேன் சாக்கெட் வைத்திருக்கிறீர்கள் என்று பொருள். இணைப்பைச் சுவருக்குள்ளோ பூட்டிய சந்திப்புப் பெட்டிக்குள்ளோ வைப்பது பாதி வேலை. மீதி, நெட்வொர்க்கைப் பிரிப்பது.

நெட்வொர்க்கை நான்காகப் பிரியுங்கள்

வி-லான் வசதியுள்ள, அதாவது ஒரே பெட்டியில் தனித்தனி நெட்வொர்க்குகளை உருவாக்க முடிகிற, மேனேஜ்டு ஸ்விட்ச் ஒன்றும், அதைப் புரிந்துகொள்ளும் ரவுட்டரும் வேண்டும். அலுவலகக் கணினிகள் ஒன்றில், கணக்கும் பணப் பரிமாற்றமும் இன்னொன்றில், கேமரா, கதவு, அலாரம் மூன்றாவதில், விருந்தினர் வைஃபை நான்காவதில். மேலே சொன்ன வெளி நகல் போகும் வழியைத் தவிர, மூன்றாவதுக்கு இணையம் வேண்டாம். ரவுட்டரிடமிருந்து நேரம் வாங்கினால் போதும். அலுவலகத்திலிருந்து என்விஆரைத் தொட, குறிப்பிட்ட ஒன்றிரண்டு கணினிகளுக்கு மட்டும் அனுமதி. பயன்படுத்தாத ஸ்விட்ச் போர்ட்டுகளை அணைத்துவிடுங்கள், மீட்டிங் அறை சாக்கெட்டுகளை விருந்தினர் பிரிவில் போடுங்கள்.

பலரும் தடுக்கி விழுவது இதற்கு அடுத்த படியில். வி-லான்கள் நான்கையும் உருவாக்கிவிட்டு வேலை முடிந்ததென்று போய்விடுவார்கள். பல ரவுட்டர்கள் தடை விதி எழுதாதவரை ஒரு வி-லானிலிருந்து இன்னொன்றுக்குத் தாராளமாக வழி விடும். விருந்தினர் வைஃபையில் ஃபோனை இணைத்து, பிரௌசரில் என்விஆரின் ஐபி முகவரியைத் தட்டுங்கள். லாகின் பக்கம் வந்தால் நீங்கள் எதையும் பிரிக்கவில்லை. ரவுட்டரின் அட்மின் பக்கத்துக்கும் இதே சோதனை.

கேமராவின் மேக் முகவரியை (ஒவ்வொரு நெட்வொர்க் கருவிக்கும் உள்ள அடையாள எண்) மட்டும் அனுமதிக்கும் தடை சேர்ப்பது நல்லதுதான், ஆனால் அந்த எண் கேமராவின் முதுகிலேயே ஒட்டியிருக்கும் என்பதை மறக்க வேண்டாம்.

ஸ்விட்ச் இருக்கும் அறை

தனி அறை இல்லையென்றால் சுவரில் மாட்டும் பூட்டுள்ள ராக் போதும். தண்ணீர்க் குழாய்க்கு அடியில் வேண்டாம். வெப்பம் 18 முதல் 27 டிகிரிக்குள் இருந்தால் நல்லது.

யூபிஎஸ் விஷயத்தில் பெட்டியின்மேல் எழுதிய விஏ எண்ணை நம்பாமல் வாட்-மணியைப் பாருங்கள். எட்டுக் கேமராவுக்கு லேன் கேபிளிலேயே மின்சாரமும் தரும் பிஓஇ ஸ்விட்ச் 85 வாட், என்விஆர் 40, ரவுட்டர் 15 என்றால் மொத்தம் 140 வாட். 12 வோல்ட் 7 ஆம்பியர்-மணி பேட்டரி இரண்டு உள்ள யூபிஎஸ்ஸில் ஏட்டளவில் 168 வாட்-மணி. இழப்புகள் போக ஐம்பது நிமிடம் வந்தால் பெரிது. கேமராக்கள் இரவு முழுக்க ஓடும் என்று யாரும் உறுதி சொன்னால் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

ஆட்கள்: வரும் நாளும் போகும் நாளும்

ஒருவர் வேலையை விட்டுப் போகும்போது அவருடைய மின்னஞ்சலை ஐடி மூடும், அட்டையை நிர்வாகம் வாங்கிக்கொள்ளும், இரண்டுக்கும் நடுவே ஒரு வாரம் ஓடிவிடும். 2021-இல் அமெரிக்காவின் கொலோனியல் பைப்லைன் நிறுவனத்துக்குள் ரான்சம்வேர் (கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் தீநிரல்) கும்பல் நுழைந்தது, யாரும் பயன்படுத்தாமல் கிடந்த ஒரு விபிஎன் கணக்கின் வழியாக. அந்தக் கணக்குக்கு இரண்டாம் படிச் சரிபார்ப்பும் இல்லை. எரிபொருள் குழாய்ப் பாதை பல நாள் நின்றது.

ஒரே தாளில் எல்லாம் இருக்கட்டும்: கதவு அட்டை, இயந்திரச் சாவி, அலாரம் பின் எண், மின்னஞ்சல், விபிஎன், கணக்கு மென்பொருள், கேமரா ஆப், லேப்டாப், அலுவலகத்தின் சமூக ஊடகக் கணக்குகள், வைஃபை பாஸ்வேர்டு. கடைசி நாளில், குறித்த மணிக்கு, ஒரே அமர்வில் எல்லாவற்றையும் மூட வேண்டும். அட்டையைக் கையில் வாங்கினால் போதாது, மென்பொருளில் அந்த எண்ணை நீக்க வேண்டும். நகல் இருக்கிறதா என்று உங்களுக்குத் தெரியாது. பலரும் அறிந்த அலாரம் பின் எண் என்றால் எல்லோருக்கும் மாற்ற வேண்டும். அந்தத் தொல்லையைத் தவிர்க்கவே ஆளுக்கொரு பின் எண் கொடுப்பது நல்லது.

மின்னஞ்சல், விபிஎன், கேமராவின் கிளவுட் கணக்கு, கதவு மென்பொருள் நான்குக்கும் இரண்டு படிச் சரிபார்ப்பு கட்டாயம். எஸ்எம்எஸ்ஸில் வரும் ஓடிபியைவிட ஆப் நல்லது. சிம்மை வேறொருவர் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டால் எஸ்எம்எஸ் அவருக்குப் போய்விடும். அட்மின் கணக்குகளுக்கு, கணினியில் செருகும் ஃபிடோ2 பாதுகாப்புச் சாவி இன்னும் நல்லது. இரண்டாக வாங்குங்கள், ஒன்று பெட்டகத்தில்.

பழுதுபார்க்க வருகிறவர் விஷயம் நாசூக்கானது. சீருடையும் கருவிப்பையும் போட்டவரை யாரும் கேள்வி கேட்பதில்லை. விதி எளிமையாக இருக்கட்டும்: நாம் கூப்பிடாமல் வந்தவர் உள்ளே போகக் கூடாது; அவர் காட்டும் எண்ணுக்கு அல்ல, நம் நோட்டில் இருக்கும் எண்ணுக்கு அழைத்துக் கேட்க வேண்டும்; வேலை முடியும்வரை ஒருவர் கூடவே நிற்க வேண்டும். தொலைவிலிருந்து கணினியை இயக்க உதவும் எனிடெஸ்க், டீம்வியூவர் போன்றவற்றைத் தொழில்நுட்பர் எப்போதும் நுழையும்படி நிறுவி வைத்திருந்தால் நீக்குங்கள். தேவைப்படும்போது திறந்து, முடிந்ததும் மூடலாம்.

ஒருவர் அட்டை காட்டித் திறந்த கதவில் பின்னாலேயே இன்னொருவர் நுழைவதை அறிவிப்புப் பலகையால் நிறுத்த முடியாது. முகத்தில் அடித்தாற்போல் கதவைச் சாத்த யாருக்கும் மனம் வராது. "உங்கள் அட்டையையும் ஒருமுறை காட்டிவிடுங்கள்" என்ற ஒரு வரியை எல்லோருக்கும் பழக்குங்கள். முதலாளியிடமும் அதைச் சொல்லலாம், சொல்ல வேண்டும் என்பது தெரிந்தால்தான் மற்றவர்களிடம் சொல்ல வாய் வரும்.

மேசைமேல் இருப்பவை

லேப்டாப் அனைத்திலும் டிஸ்க் சங்கேதம்: விண்டோஸில் பிட்லாக்கர், மேக்கில் ஃபைல்வால்ட். மீட்புச் சாவியை அதே லேப்டாப்பில் வைத்தால் பயனில்லை. நிறுவனக் கணக்கிலும் அச்சிட்டுப் பெட்டகத்திலும் வையுங்கள். திரை ஐந்து நிமிடத்தில் தானாகப் பூட்டட்டும்.

ஜெராக்ஸ் எடுக்கும் பெரிய பிரிண்டர்களுக்குள் ஹார்டு டிஸ்க் இருக்கிறது. வாடகை முடிந்து திருப்பி அனுப்பிய இயந்திரங்களின் டிஸ்க்கை அழிக்காமல் விட்டதற்காக அமெரிக்காவின் அஃபினிட்டி ஹெல்த் பிளான் 2013-இல் பன்னிரண்டு லட்சம் டாலருக்கு மேல் கட்டியது. மூன்று லட்சத்துக்கும் அதிகமானோரின் மருத்துவத் தகவல் அதில் சிக்கியிருந்தது. வாடகை ஒப்பந்தத்திலேயே "டிஸ்க் எங்களிடம் தங்கும்" என்று எழுதுங்கள். எஸ்எஸ்டி (சிப் வகை டிஸ்க்) என்றால் மேலெழுதி அழிப்பது முழுமையாக இராது. முதல் நாளிலிருந்தே சங்கேதம் போட்டிருந்தால் சாவியை அழிப்பதே போதும்.

பேக்கப்புக்கு மூன்று நகல், இரண்டு வகை ஊடகம், ஒன்று வேறு கட்டடத்தில். அதில் ஒன்றாவது கேபிள் பிடுங்கிய நிலையில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ரான்சம்வேர் பேக்கப்பையும் பூட்டிவிடும். கோப்புகளை மட்டும் எடுத்துவிட்டுக் கதவுக் கண்ட்ரோலர், என்விஆர், ஸ்விட்ச், ரவுட்டர் ஆகியவற்றின் அமைப்புக் கோப்புகளை விட்டுவிடாதீர்கள். இடி விழுந்து கண்ட்ரோலர் எரிந்தால், நாற்பது பேரின் அட்டையை முதலிலிருந்து பதிவது ஒரு முழு நாள் வேலை.

இரண்டு பதிவேடுகளையும் பக்கத்தில் வையுங்கள்

இரண்டையும் இணைப்பதன் உண்மையான பலன் இங்கேதான் கிடைக்கிறது; செலவும் கிட்டத்தட்ட இல்லை. முதலில் கதவுக் கண்ட்ரோலர், என்விஆர், கணினிகள் எல்லாம் என்டிபி (நெட்வொர்க் வழியாக நேரம் பொருத்தும் முறை) வழியாக ஒரே இடத்திலிருந்து நேரம் எடுக்கும்படி செய்யுங்கள். என்விஆர் பதினோரு நிமிடம் பிந்தி ஓடினால் எந்தப் பதிவையும் எதோடும் பொருத்த முடியாது.

பிறகு வாரம் ஒருமுறை கதவுப் பதிவையும் கணினி லாகின் பதிவையும் ஒரே எக்ஸெல் தாளில் நேர வரிசையில் போடுங்கள். மூன்று கேள்விகள் கேளுங்கள். அலுவலகக் கணினியில் ஒருவர் லாகின் ஆகியிருக்கிறார், ஆனால் அன்று அவர் அட்டை கதவில் பதியவில்லை, ஏன்? ஒருவர் அட்டை கதவில் பதிந்த அதே நேரத்தில் அவர் கணக்கு விபிஎன் வழியாக வெளியிலிருந்து திறந்திருக்கிறது, எப்படி? யாரும் உள்ளே இல்லாத நேரத்தில் ஏதாவது கணினி விழித்ததா?

முதல் கேள்விக்கு வரும் பதில்களில் பெரும்பாலானவை "இன்னொருவரோடு சேர்ந்து உள்ளே வந்துவிட்டேன்" என்பதாகத்தான் இருக்கும். அதைப் பொய் எச்சரிக்கை என்று ஒதுக்க வேண்டாம். உங்கள் கதவில் எத்தனை பேர் அட்டையில்லாமல் நுழைகிறார்கள் என்று அளந்து காட்டும் ஒரே எண் அது. இரண்டாவது கேள்விக்குப் பதில் கிடைக்காவிட்டால் அன்றே அந்தக் கணக்கின் பாஸ்வேர்டை மாற்றி, திறந்திருக்கும் எல்லா இணைப்பையும் துண்டியுங்கள். ஆட்களின் நடமாட்டத்தை இப்படிப் பார்க்கிறோம் என்பதை முன்கூட்டியே எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். பல நாடுகளில் சட்டமும் அதைத்தான் கேட்கிறது.

ஏதாவது நடந்துவிட்டால்

இரவில் பூட்டை உடைத்து உள்ளே வந்திருக்கிறார்கள், எதுவும் திருடுபோகவில்லை என்றால் நிம்மதிப் பெருமூச்சு விடாதீர்கள். எடுத்துப் போனது ஒன்றுமில்லை என்றால், வைத்துவிட்டுப் போனது ஏதாவது இருக்கிறதா என்று தேட வேண்டும். கீபோர்டுக்கும் கணினிக்கும் நடுவே விரல்நுனி அளவில் ஒரு யூஎஸ்பி துண்டு, ஸ்விட்ச்சின் கடைசி போர்ட்டில் புதிதாக ஒரு சின்னப் பெட்டி, வைஃபை பட்டியலில் புதுப் பெயர். முதல் நடையில் எடுத்த நோட்டும் புகைப்படங்களும் இப்போது கைகொடுக்கும். சந்தேகப் பொருளைப் பிடுங்குவதற்கு முன் படமெடுங்கள். கைரேகை படாமல் காவல்துறையிடம் கொடுங்கள். பிறகு எல்லா அட்மின் பாஸ்வேர்டுகளையும், சந்தேகத்துக்கு இடமில்லாத ஒரு கணினியிலிருந்து மாற்றுங்கள்.

ரான்சம்வேர் திரை தோன்றினால் லேன் கேபிளைப் பிடுங்கி வைஃபையை அணையுங்கள். கணினியை நிறுத்த வேண்டாம். நினைவகத்தில் இருக்கும் தடயம் போய்விடும். நெட்வொர்க்கிலிருந்து பிரிக்க வழியே இல்லாதபோது மட்டும் நிறுத்துங்கள். இணைய வழித் தாக்குதல்தானே என்று கேமராவை மறந்துவிடாமல், முந்தைய வாரங்களின் வாசல் பதிவை அழியும் முன் ஏற்றுமதி செய்து வையுங்கள். யாராவது பென் டிரைவோடு வந்திருக்கவும் கூடும்.

யாரை எந்த வரிசையில் அழைப்பது என்பதை அச்சிட்டுச் சுவரில் ஒட்டுங்கள். கணினியில் வைத்த தொடர்பு எண்கள், கணினி பூட்டிக்கொண்ட நாளில் உதவாது.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை

வேலை நாளின் முடிவில், முன்னறிவிப்போடு, மெயின் சுவிட்சைப் பதினைந்து நிமிடம் அணையுங்கள். கடிகாரத்தோடு நின்று எழுதுங்கள்: எந்தக் கதவு திறந்தது, எது பூட்டியே நின்றது, எந்தக் கேமரா விழுந்தது, என்விஆர் பதிந்துகொண்டே இருந்ததா, அலாரம் யாருக்குச் செய்தி அனுப்பியது. கரண்ட் வந்ததும் எல்லாம் தானாக எழுந்ததா, நேரம் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். சில என்விஆர்கள் எழும்போது 2000-ஆம் ஆண்டு சனவரிக்கே போய்விடும். அடுத்து ஒரு பேக்கப் கோப்பை வேறொரு கணினியில் திறந்து பாருங்கள். விருந்தினர் வைஃபையிலிருந்து என்விஆரை மீண்டும் தட்டிப் பாருங்கள். கடைசியாக, போன காலாண்டில் வேலையை விட்டவர்களின் பட்டியலை எடுத்து, ஒவ்வொருவருடைய அட்டை எண்ணையும் கதவு மென்பொருளில் தேடுங்கள்.